பேக்கேஜ் புதுசு, பிளகின் பழசு

லினக்ஸுக்கு வந்த புதிதில் எல்லோருக்கும் பிடித்துப்போகிற ஒரு விஷயம், அப்டேட் எல்லாம் ஒரே இடத்தில் நடப்பது. ஒரு கட்டளை கொடுத்தால் போதும், கெர்னலில் தொடங்கி கால்குலேட்டர் வரை அத்தனையும் புதிதாகிவிடும். நானும் பல வருடம் அந்த நம்பிக்கையில்தான் இருந்தேன், 2015-ல் டெபியன் என்ற லினக்ஸ் வகை ஓடும் ஒரு கணினியில், இணையப் பக்கங்களில் வீடியோவும் விளையாட்டும் ஓட்டப் பிரவுசருக்குள் செருகும் ஃப்ளாஷ் பிளகினின் நிலையைச் சும்மா கேட்டுப் பார்க்கும் வரை. அப்போதுதான் டெபியனில் மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் பேக்கேஜ் மேனேஜரான ஆப்டின் அப்கிரேடு ஓடி முடிந்திருந்தது, புதுப்பிக்க வேண்டியது எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. அடுத்து 'அப்டேட்-ஃப்ளாஷ்பிளகின்-நான்ஃப்ரீ' என்ற கட்டளையை ஸ்டேட்டஸ் கேட்கும்படி ஓட்டினேன். இரண்டு வரி வந்தது. இந்தக் கணினியில் இருப்பது 11.2.202.481. தயாரிப்பாளரின் தளத்தில் கிடைப்பது 11.2.202.491.

அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். 2015 ஜூலையில் ஹேக்கிங் டீம் என்ற இத்தாலிய உளவு மென்பொருள் நிறுவனத்தின் உள் கோப்புகள் கசிந்தன. அவர்கள் வெளியே சொல்லாமல் கையில் வைத்திருந்த ஃப்ளாஷ் ஓட்டைகளும் அதோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டன. முதல் ஓட்டையை அடைத்த லினக்ஸ் பதிப்பு 481. அடுத்த சில நாட்களுக்குள் தெரியவந்த இன்னும் இரண்டை அடைத்தது 491. அந்த ஓட்டைகளைத் தாக்குதல்காரர்கள் உடனே எடுத்துப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள், மொசில்லா தன் பிரவுசரில் பழைய ஃப்ளாஷ் தானாக ஓடாதபடி தடுத்து வைத்தது. அப்படிப்பட்ட வாரத்தில் என் ஆப்ட் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறது.

ஆப்ட் பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்த அளவில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சிக்கல் என்னவென்றால், டெபியனின் ஃப்ளாஷ் பேக்கேஜுக்குள், அதாவது ஆப்ட் நிறுவும் பொதிக்குள், ஃப்ளாஷே கிடையாது. ஃப்ளாஷைத் தயாரித்த அடோபியின் உரிமம் அந்தக் கோப்பை வேறு யாரும் தங்கள் சர்வரில் வைத்து விநியோகிக்க விடாது, அதனால் டெபியன்காரர்கள் ஒரு சின்ன ஸ்கிரிப்டை மட்டும் பேக்கேஜாகக் கட்டி வெளியே உள்ள மூடிய மென்பொருளை நம்பியிருப்பவற்றுக்கான 'கான்ட்ரிப்' பிரிவில் வைத்தார்கள். அதை நிறுவும்போது ஸ்கிரிப்ட் அடோபியின் தளத்துக்குப் போய் கோப்பை இறக்கி, பிரித்து, லிப்ஃப்ளாஷ்பிளேயர் என்ற நூலகத்தை அதற்குரிய இடத்தில் வைக்கும். ஆப்ட் பார்ப்பது பேக்கேஜின் பதிப்பு எண்ணை மட்டுமே, அதாவது ஸ்கிரிப்டின் எண்ணை. அடோபி மாதம் இரண்டு முறை புதுப் பதிப்பு விட்டாலும் ஸ்கிரிப்டில் மாற வேண்டியது ஒன்றுமில்லை, அதனால் ஆப்டின் கண்ணுக்கு எதுவுமே மாறவில்லை. பிளகினைப் புதுப்பிக்க வேண்டுமானால் அதே கட்டளையை இன்ஸ்டால் செய்யும்படி ரூட்டாக, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு, நாமே ஓட்ட வேண்டும். இது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? ஒருமுறை நிறுவிவிட்டு, தினமும் அப்டேட் கொடுத்துக்கொண்டு, வருடக்கணக்கில் பழைய ஃப்ளாஷோடு உட்கார்ந்திருந்தவர்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன். கவனக்குறைவான ஆட்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. சொன்னதை ஒழுங்காகச் செய்தவர்கள்தான்.

இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. இணையத்திலிருந்து இறக்கும் பைனரியை, அதாவது கணினி நேரடியாக ஓட்டும் கோப்பை, ரூட் அதிகாரத்தோடு கண்ணை மூடிக்கொண்டு நிறுவ முடியாது, அது அசல்தானா என்று சரிபார்க்க வேண்டும். அதனால் டெபியனில் பேக்கேஜைப் பராமரிப்பவர் ஒவ்வொரு பதிப்புக்கும் உரிய செக்சம்மை, அதாவது கோப்பிலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணை, எடுத்து, தன் சாவியால் கையொப்பமிட்டு வைப்பார், ஸ்கிரிப்ட் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அடோபி கோப்பை மாற்றிய நேரத்துக்கும் பராமரிப்பவர் செக்சம்மை மாற்றுகிற நேரத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும், அந்த இடைவெளியில் ஸ்கிரிப்ட் நிறுவ மறுக்கும். டெபியனின்மேல் கட்டிய உபுண்டு செக்சம்மைப் பேக்கேஜுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தது. அடோபி புதுப் பதிப்பு விட்டால் உபுண்டுவும் புதுப் பேக்கேஜ் விட்டாக வேண்டும், அதனால் ஆப்டுக்கு விஷயம் தெரிந்துவிடும், அது நல்லது. ஆனால் அடோபி அதே முகவரியில் பழைய கோப்பை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால், மறு பேக்கேஜ் வரும்வரை புதிதாக நிறுவுகிற எல்லோருக்கும் செக்சம் பொருந்தவில்லை என்ற பிழைதான் கிடைக்கும். 2007 இறுதியில் அப்படியே நடந்தது. அப்புறம் உபுண்டுவின் பார்ட்னர் ரெப்போவில் (பேக்கேஜ்களை வைத்திருக்கும் சர்வர்), அனுமதியோடு, உண்மையான பைனரி உள்ளே இருக்கும் தனிப் பேக்கேஜ் ஒன்று இருந்தது. ஒரே பிளகினுக்கு ஒரே டிஸ்ட்ரோவில் (லினக்ஸ் வகையில்) இரண்டு பேக்கேஜ், இரண்டு பேர், இரண்டு வழி. யாரிடம் எது இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் உதவி செய்யவே முடியாது.

இருந்ததிலேயே ஒழுங்கான வழி ஃபெடோரா என்ற டிஸ்ட்ரோ பக்கம் இருந்தது என்பது என் கருத்து. ஃபெடோராவின் பேக்கேஜ் மேனேஜரான யம்முக்காக அடோபியே ஒரு ரெப்போவை நடத்தியது. அதை ஒருமுறை சேர்த்துவிட்டால் ஃப்ளாஷும் மற்ற பேக்கேஜ்களைப் போலவே சிஸ்டம் அப்டேட்டில் வந்துவிடும். கோப்புக்குச் சொந்தக்காரர் கோப்பைத் தருகிறார், பேக்கேஜ் எண்ணும் கோப்பின் எண்ணும் ஒன்றே, பேக்கேஜ் மேனேஜருக்கு உண்மை தெரியும். சொந்த உரிமம் கொண்ட எந்த மென்பொருளாக இருந்தாலும் லினக்ஸில் நான் முதலில் தேடுவது இதைத்தான்: தயாரிப்பாளரே நடத்தும் ரெப்போ இருக்கிறதா, இல்லையா.

இத்தனைக்கும் மேலே, கையால் நிறுவியவர்கள் கதை தனி. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய டார் கோப்பை இறக்கி, லிப்ஃப்ளாஷ்பிளேயரை மட்டும் எடுத்து, ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் மொசில்லா ஃபோல்டரின் பிளகின்ஸில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லின. முடிந்தது உண்மைதான். ஆனால் இரண்டு வருடம் கழித்து அதே ஆள் ரெப்போ வழியாக நிறுவியிருப்பார், ஹோமில் கிடக்கும் பழைய பிரதியை மறந்திருப்பார், பிரவுசர் பெரும்பாலும் அந்தப் பழையதைத்தான் எடுத்துக்கொள்ளும். டெர்மினலில் கேட்டால் புதிய எண், பிரவுசரில் 'அபௌட் பிளகின்ஸ்' பக்கத்தைத் திறந்தால் பழைய எண். இந்தக் குழப்பம் வந்தால் நம்ப வேண்டியது பிரவுசரைத்தான், ஏனென்றால் ஓடுவது அதற்குள்ளேதான்.

பதிப்பு எண்களே ஆளைக் குழப்பிய காலமும் ஒன்று உண்டு. 2012 பிப்ரவரியில் அடோபி ஒரு முடிவை அறிவித்தது: லினக்ஸுக்குத் தனியாகத் தரும் பழைய என்பிஏபிஐ வகைப் (பிரவுசரும் பிளகினும் பேசிக்கொள்ளும் பழைய முறை) பிளகினில் 11.2 தான் கடைசி, ஐந்து வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும், அதற்கு மேல் புதிய ஃப்ளாஷ் வேண்டுமானால் குரோமுக்குள் கட்டிய, கூகுளின் புதிய முறையான பிபிஏபிஐ வகைதான். ஆகவே 2015-ல் விண்டோஸ்காரரிடம் 18, லினக்ஸில் ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவரிடம் 11.2, இரண்டுமே அன்றைய தேதிக்கு முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டவை. மேலே சொன்ன அதே ஜூலை ஓட்டைகளுக்கு விண்டோஸில் 18.0.0.209, லினக்ஸில் 11.2.202.491. சில இணையதளங்கள் 11.2 என்ற எண்ணைப் பார்த்ததுமே பழைய ஃப்ளாஷ் என்று வாசலிலேயே நிறுத்திவிடும். உண்மையில் அடைக்கப்பட்ட பிளகின் வைத்திருப்பவர் பயந்துபோவார், உண்மையில் ஓட்டையான 11.2 வைத்திருப்பவரோ லினக்ஸில் இதுதான் கடைசி என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிம்மதியாக இருப்பார். பெரிய எண்ணைப் பார்த்துப் பயனில்லை, கடைசியில் வரும் மூன்று இலக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். பிறகு 2016-ல் அடோபி மனம் மாறி, டிசம்பரில் 24-ஆம் பதிப்பை லினக்ஸுக்கும் கொடுத்து எண்களை ஒன்றாக்கியது. அதற்கு அடுத்த ஜூலையிலேயே ஃப்ளாஷின் முடிவுநாளையும் அறிவித்துவிட்டது.

64 பிட் விவகாரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிளகினை யாரும் தொடாமலேயே அது உடையலாம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 64 பிட் லினக்ஸுக்கு 2008 நவம்பரில் ஒரு சோதனைப் பதிப்பு வந்தது, 2010 ஜூனில் நிறுத்தினார்கள், அதே வருடம் செப்டம்பரில் மறுபடி ஒரு முன்னோட்டம், முறையான வெளியீடு 2011 அக்டோபரில் 11-ஆம் பதிப்போடுதான். நடுவில் இருந்தவர்கள் 32 பிட் பிளகினை என்எஸ்பிளகின்ராப்பர் என்ற இடைக்கருவிக்குள் வைத்து ஓட்டினார்கள். 2010-ல் ஃபெடோரா 14 வந்தபோது, அந்த 64 பிட் பிளகின் வைத்திருந்தவர்களுக்கு வீடியோவில் ஒலி கரகரவென்று உடைந்து வந்தது. பிளகினில் ஒரு பைட் கூட மாறவில்லை. மாறியது ஜிலிப்சி, அதாவது எல்லா நிரல்களுக்கும் அடியில் இருக்கும் சி நூலகம். அதில் மெம்காப்பி என்ற செயல்பாட்டைச் சில புதிய பிராசசர்களில் வேகமாக்குவதற்காகத் தரவைப் பின்னிருந்து முன்னாக நகலெடுக்கும்படி மாற்றியிருந்தார்கள். மூலமும் இலக்கும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தால் மெம்காப்பியைப் பயன்படுத்தக் கூடாது, மெம்மூவ் பயன்படுத்த வேண்டும் என்பது பழைய விதி. ஃப்ளாஷ் அந்த விதியை மீறியிருந்தது, அதுவரை அது யாருக்கும் உறைக்கவில்லை. லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அந்தப் பிழை அறிக்கைக்கு வந்து, பயனருக்கு உடைந்தால் உடைந்ததுதான் என்ற பக்கம் நின்று வாதாடினார். முடிவில் ஜிலிப்சி 2.14-ல் ஓர் ஏற்பாடு செய்தார்கள்: பழைய பைனரிகள் மெம்காப்பி என்று கேட்டால் பாதுகாப்பான மெம்மூவே கிடைக்கும், புதிதாகக் கட்டப்படுபவைக்கு மட்டும் புதிய மெம்காப்பி.

திறந்த மூல நிரலாக இருந்திருந்தால் அந்த வரியை யாராவது அன்று மாலையே திருத்தியிருப்பார்கள். மூடிய பைனரி என்பதால், அதைச் சுற்றியுள்ள உலகம் வளைந்துகொடுக்க வேண்டியதாயிற்று. சொந்த உரிம பிளகினைப் புதிதாக வைத்திருப்பது கடினம் என்று நான் சொல்வதற்கு அடிப்படை இதுதான். புதுப்பிக்க வேண்டிய பொருள் ஒருவர் கையில், அதை நிறுவும் பேக்கேஜ் இன்னொருவர் கையில், அதை ஓட்டும் பிரவுசர் மூன்றாமவர் கையில், அடியில் இருக்கும் நூலகங்கள் நான்காமவர் கையில். யாராவது ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று நால்வருமே நினைக்கலாம்.

சரி, ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்தது, 2021 ஜனவரி 12-லிருந்து பிளகினே உள்ளடக்கத்தை ஓட்ட மறுத்தது, ஃபயர்ஃபாக்ஸ் 85 அதற்கான ஆதரவை முற்றிலும் எடுத்துவிட்டது. இன்னும் எங்காவது பழைய கணினியில் அந்த லிப்ஃப்ளாஷ்பிளேயர் கோப்பு கிடந்தால் அழித்துவிடுங்கள். ஜாவா பிளகினும் போய்விட்டது. ஜேடிகே 11-ல் அது இல்லை. ஆனால் பிரச்சினை போய்விட்டது என்று நினைத்தால் தவறு. இப்போது அது இரண்டு வேறு பெயர்களில், பெரும்பாலும் சத்தமில்லாமல், உங்கள் பிரவுசருக்குள் உட்கார்ந்திருக்கிறது.

ஒன்று வைட்வைன். கட்டணப் படத் தளங்களில் வரும் பூட்டிய வீடியோவைத் திறக்கும் கூகுளின் மூடிய பைனரி, அதை உருவாக்கிய நிறுவனத்தை 2010-ல் கூகுள் வாங்கியது. லினக்ஸ் ஃபயர்ஃபாக்ஸில் 2016 செப்டம்பரில், 49-ஆம் பதிப்பில் அது வந்தது. மற்றொன்று ஓப்பன்எச்264, வீடியோவைச் சுருக்கி விரிக்கும் சிஸ்கோவின் கோடெக். இதன் மூலநிரல் திறந்ததுதான், ஆனால் எச்264 என்ற வீடியோ முறைக்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு, அதை சிஸ்கோ தான் கட்டி விநியோகிக்கும் பைனரிக்கு மட்டும் செலுத்துகிறது. அதனால் அதே நிரலை டிஸ்ட்ரோ தானே கட்டித் தந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை, சிஸ்கோவின் சர்வரிலிருந்து வரும் கோப்பாகவே இருக்க வேண்டும். ஃபெடோரா இதற்காகத் தனி ரெப்போ வைத்திருக்கிறது: கட்டுவதும் கையொப்பமிடுவதும் ஃபெடோரா, கோப்பை வைத்து விநியோகிப்பது சிஸ்கோ. இருவரும் தங்கள் பங்கை முடித்தால்தான் திருத்தம் உங்களிடம் வரும். 2025-ல் 2.5.0 வரையிலான பதிப்புகளில் நினைவகம் வழிந்தோடும் ஓட்டை ஒன்று வெளியானது, 2.6.0-ல் அடைத்தார்கள். இது யாரோ அனுப்பும் வீடியோவைப் பிரித்துப் படிக்கும் நிரல் என்பதால், பழைய பதிப்பு எவ்வளவு ஆபத்து என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஃபயர்ஃபாக்ஸ் இவற்றை எப்படிக் கையாள்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்த்தால், பழைய குழப்பம் பெருமளவு தீர்ந்திருப்பது தெரியும். பிரவுசர் நாளுக்கு ஒருமுறை மொசில்லாவின் அப்டேட் சர்வரைக் கேட்கும். அது இந்தப் பதிப்பு, இந்த முகவரி, இந்த அளவு, இந்த செக்சம் என்று ஒரு சிறு பட்டியல் தரும். பிரவுசர் கூகுளிடமோ சிஸ்கோவிடமோ கோப்பை இறக்கி, செக்சம்மைச் சரிபார்த்து, உங்கள் அமைப்புகளை வைத்திருக்கும் புரொஃபைல் ஃபோல்டருக்குள் 'ஜிஎம்பி-வைட்வைன்சிடிஎம்' போன்ற ஒரு ஃபோல்டரில் பதிப்பு எண்ணையே பெயராக வைத்த துணை ஃபோல்டர் ஒன்றைத் திறந்து வைக்கும். ரூட் அதிகாரம் வேண்டாம், டிஸ்ட்ரோ பேக்கேஜ் வேண்டாம். துணை ஃபோல்டரின் பெயரைப் பார்த்தாலே உங்களிடம் எந்தப் பதிப்பு என்று தெரிந்துவிடும். ஆட்-ஆன்ஸ் பக்கத்தில் பிளகின்ஸ் பிரிவிலும் தெரியும்.

ஆனால் இந்த ஏற்பாடு தடுமாறும் இடங்கள் சில உண்டு, தடுமாறும்போது ஒரு சத்தமும் வராது. முதலாவது, நீங்கள் பார்க்கும் புரொஃபைல் ஓடும் புரொஃபைல்தானா என்பது. உபுண்டு 22.04-லிருந்து ஃபயர்ஃபாக்ஸ் ஸ்நாப் என்ற தனிவகைப் பேக்கேஜாகத்தான் வருகிறது. அதன் புரொஃபைல் ஹோமில் ஸ்நாப் ஃபோல்டருக்குள் இருக்கும். அதுபோன்ற இன்னொரு வகையான ஃபிளாட்பேக் என்றால் மறைந்திருக்கும் 'வார்' ஃபோல்டருக்குள் 'ஆப்' என்பதன் கீழ். வழக்கமான மொசில்லா ஃபோல்டரைத் திறந்து அங்கே கிடக்கும் பழைய வைட்வைனைப் பார்த்துவிட்டு, அப்டேட் வரவில்லை என்று மணிக்கணக்கில் தேடுகிறவர்கள் உண்டு. இரண்டாவது, ஹோம் பார்ட்டிஷனைப் பாதுகாப்புக்காக 'நோஎக்ஸெக்' (இங்கிருந்து எதையும் இயக்காதே) என்று மவுன்ட் செய்திருந்தால் கோப்பு இறங்கும், செக்சம்மும் பொருந்தும், ஆனால் அதை இயங்கு நிரலாக நினைவகத்தில் ஏற்றக் கெர்னல் விடாது. மூன்றாவது, அலுவலக நெட்வொர்க்கில் வெளி முகவரிகளை அடைத்திருந்தால் இறக்கமே தோற்கும். அப்போதைக்குப் பழையதே ஓடிக்கொண்டிருக்கும், அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். உடனே மறுபடி கேட்க வைக்க 'அபௌட் கான்ஃபிக்' பக்கத்தில் ஜிஎம்பி மேனேஜரின் லாஸ்ட்செக் மதிப்பை அழித்துவிட்டு பிரவுசரை மறுபடி தொடங்கலாம். இன்னொன்று, ஆல்பைன் போல மசல் என்ற சி நூலகத்தின்மேல் நிற்கும் டிஸ்ட்ரோக்களில் வைட்வைன் ஓடவே ஓடாது, அது ஜிலிப்சிக்காகக் கட்டியது.

குரோமில் கதை கொஞ்சம் வேறு. பேக்கேஜிலேயே ஒரு வைட்வைன் சேர்ந்து வருகிறது, அதற்கு மேல் பிரவுசரின் காம்பொனென்ட் அப்டேட்டர் புதியதை உங்கள் புரொஃபைலில் இறக்கி வைக்கிறது. லினக்ஸில் குரோம் தொடங்கும்போதே ஒரு தாய் புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) தேவையான நூலகங்களை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு, அதற்குப் பிறகு கணினியின் மற்ற பகுதிகளைத் தொட விடாத சாண்ட்பாக்ஸுக்குள் புகுந்து கதவைப் பூட்டிக்கொள்கிறது. மற்ற புராசஸ்கள் அதிலிருந்துதான் பிரிகின்றன. பூட்டிய பிறகு வெளியே புதிய கோப்பு வந்து இறங்கினாலும் உள்ளே இருப்பவர்களுக்கு எட்டாது. பிரவுசரை முழுதாக மூடித் திறந்தால்தான் புதியது ஏறும். லேப்டாப்பை மூடி மூடித் திறந்து, பிரவுசரை வாரக்கணக்கில் அணைக்காமல் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உண்மையில் இது லினக்ஸ் முழுக்கப் பொருந்துகிற விஷயம். ஒரு நூலகக் கோப்பை அப்டேட் மாற்றும்போது, ஏற்கெனவே அதைத் திறந்து வைத்திருக்கும் புராசஸ் பழைய கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். வட்டில் அதற்குப் பெயர் போயிருக்கும், பொருள் நினைவகத்தில் உயிரோடு இருக்கும். 'புராக்' ஃபோல்டரில் அந்தப் புராசஸின் எண்ணுக்குக் கீழே உள்ள 'மேப்ஸ்' கோப்பைத் திறந்து பிளகின் பெயரைத் தேடுங்கள். வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'டெலீட்டெட்' என்று இருந்தால், பேக்கேஜ் மேனேஜர் புதிய பதிப்பு வந்துவிட்டது என்கிறது, நீங்கள் ஓட்டுவது நேற்றைய பதிப்பு. பழைய ஃப்ளாஷ் நாட்களில் எத்தனை பேர் அப்டேட்டை முடித்துவிட்டு பிரவுசரை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்களோ!

குரோமின் திறந்த மூல வடிவமான குரோமியம் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஸ்ட்ரோக்கள் கட்டும் குரோமியத்தில் பெரும்பாலும் வைட்வைன் இருக்காது, அதனால் குரோமிலிருந்து அந்த ஃபோல்டரை நகலெடுத்துப் போடச் சொல்லும் வழிகாட்டிகள் ஏராளம். வேலை செய்யும். ஆனால் நகலெடுத்த நொடியிலிருந்து அந்தக் கோப்புக்குச் சொந்தக்காரர் நீங்கள்தான், அதைப் புதுப்பிக்க இனி யாரும் வர மாட்டார்கள். ஒரு கட்டத்தில் உரிம சர்வர் பழைய பதிப்பை ஏற்காமல் போகும், வீடியோ நின்றுவிடும், அப்போதுதான் ஞாபகம் வரும். வீடியோ நிற்பதாவது பரவாயில்லை, கண்ணில் தெரிகிறது. அதனால் நகலெடுக்காமல் குரோமின் ஃபோல்டருக்கு ஒரு சிம்லிங்க் (அசலைச் சுட்டும் இணைப்பு) போடுங்கள், குரோம் புதுப்பிக்கும்போது இதுவும் சேர்ந்து மாறும். முன்பின் தெரியாத தளங்களில் தனியாக ஏற்றி வைத்திருக்கும் வைட்வைன் கோப்பை மட்டும் தயவுசெய்து இறக்காதீர்கள்.

ரெப்போ வைத்திருப்பவர்களுக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. டிஸ்ட்ரோவை அடுத்த பெரிய பதிப்புக்கு மாற்றும்போது உபுண்டு போன்றவை வெளியார் ரெப்போக்களை முடக்கிவிடும். குரோமின் பேக்கேஜ் இதை எதிர்பார்த்து தினமும் ஓடும் ஒரு சின்ன கிரான் ஸ்கிரிப்டைப் போட்டுவைத்திருக்கிறது, முடங்கிய தன் ரெப்போவை அது திரும்ப இயக்கிவிடும். மற்றவர்கள் பலரும் அப்படிச் செய்வதில்லை. பதிப்பு மாற்றிய அன்றே சோர்சஸ் பட்டியலைத் திறந்து, எந்த வரி முடங்கிக் கிடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எனக்கு இப்போது உண்மையிலேயே கவலை தருவது வேறு ஒன்று. என்பிஏபிஐ போன பிறகு, கார்டு ரீடர், டிஜிட்டல் கையொப்பம், மீட்டிங் கருவி போன்றவை எல்லாம் இரண்டு துண்டாக வருகின்றன: பிரவுசரில் ஒரு எக்ஸ்டென்ஷன், கணினியில் ஒரு தனி நிரல், இரண்டையும் இணைக்க 'நேட்டிவ் மெசேஜிங்' என்ற வழி. எக்ஸ்டென்ஷன் பிரவுசர் கடையிலிருந்து தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். கணினியில் இருக்கும் நிரலைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஒரு வேலைக்காக இப்படி ஒரு கையொப்பக் கருவியை நான் நிறுவ வேண்டியிருந்தது. கொடுத்தவர்கள் ஒரு டெப் கோப்பை (டெபியன் வகைப் பேக்கேஜ்) மட்டும் தளத்தில் வைத்திருந்தார்கள், ரெப்போ இல்லை, செக்சம் இல்லை, கோப்பின் தேதி பார்த்தால் மூன்று வருடப் பழசு. ஒரு நாள் காலையில் எக்ஸ்டென்ஷன் தானாகப் புதுப்பித்துக்கொண்டு, நிரலோடு பேச முடியவில்லை என்று நின்றுவிட்டது. ஆப்டைக் கேட்டேன், எல்லாம் புதிது என்றது. பத்து வருடத்துக்கு முன் பார்த்த அதே பதில்.

இப்படிப்பட்டவற்றைக் கண்டுபிடிக்க ஆப்டிலேயே ஒரு வழி இருக்கிறது. ஏதாவது ஒரு பேக்கேஜின் பெயரைக் கொடுத்து 'ஆப்ட்-கேஷ் பாலிசி' என்று கேட்டால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லும். பதிலில் ரெப்போ முகவரி எதுவும் இல்லாமல், கணினியிலேயே இருக்கும், நிறுவியவற்றைக் குறித்துவைக்கும் டிபிகேஜி என்ற கருவியின் ஸ்டேட்டஸ் கோப்பு மட்டும் மூலமாகக் காட்டப்பட்டால், அதற்கு அப்டேட் என்று ஒன்று எந்தக் காலத்திலும் தானாக வராது. நான் அப்படி வந்த பெயர்களை ஒரு சின்னக் கோப்பில் எழுதி, பக்கத்தில் இறக்கிய தேதியையும் தளத்தின் முகவரியையும் குறித்து வைத்திருக்கிறேன். பிரவுசரின் நேட்டிவ் மெசேஜிங் ஃபோல்டர்களையும் திறந்து பார்ப்பேன், அங்கே இருக்கும் ஒவ்வொரு ஜேசன் கோப்பும் பிரவுசர் எந்த நிரலை எழுப்பலாம் என்று சொல்லும். அந்தக் கையொப்பக் கருவியை இப்போது தனியாக ஒரு மெய்நிகர் கணினியில் போட்டுவிட்டேன். வேலை இருக்கும் அன்றைக்கு அதைத் திறப்பேன், முதலில் அவர்கள் தளத்தில் புதிய கோப்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பேன், கையொப்பம் முடிந்ததும் மூடிவிடுவேன்.